உன் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

"மிளகு மூட்டைக்கும் சுக்குக் குவியலுக்கும் நடுவில் பிறந்த பெண்ணுக்குத் துப்பாக்கி எதற்கு?"

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு தமிழ் வீட்டுப் பெண் ரைஃபிள் சுடப் போகிறேன் என்று சொன்னால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். அப்பா பஜார் ரோட்டுக் கிடங்கில் கணக்கெழுதுகிறார். தாத்தா ‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபிக்கானாவில் துணி வெளுத்தவர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இந்த வீட்டுக்கும் ஒலிம்பிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள்.

கேட்கட்டும், தங்கையே! சம்பந்தத்தை உருவாக்கப் போகிறவள் நீ. பிறந்த தெருவைப் பார்த்தா தோட்டா பாய்கிறது? குறி பார்க்கிற கண், நடுங்காத தோள், அவசரப்படாத விரல். இந்த மூன்றையும்தான் துப்பாக்கி கேட்கிறது. அப்பாவின் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை, ஜாதியைக் கேட்கவில்லை.

தன்னம்பிக்கை பிறவியிலேயே சிலருக்கு வாய்த்த வரம் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாயா? அந்த நினைப்பை இன்றோடு விடு. தன்னம்பிக்கை வானத்திலிருந்து இறங்குவதில்லை. ஒரு புதிய ரைஃபிளை உடம்புக்கு ஏற்றபடி திருகித் திருகிச் சரிசெய்வதைப் போல, அதை நீயேதான் உனக்குள் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வேட்டை முடிந்தது, குறி முடியவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். வேட்டைத் துப்பாக்கி வாங்கிக் காட்டுக்குள் போகும் காலம் இந்த நாட்டில் முடிந்துவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பூட்டுப் போட்டது. கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்குக்கூட உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை 2022-இல் மாநில அரசு உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. சுடுகிறவரும் உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரராக இருக்க வேண்டும். பெருமைக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஓர் உயிரைச் சாய்ப்பதில் வீரம் எதுவும் இல்லை. அது ஒழிந்தது நல்லது.

ஆனால் குறி பார்க்கும் கலை ஒழியவில்லை. அது இன்னும் கடினமாகி உன் எதிரே நிற்கிறது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் குறுக்களவு எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். அதைக் கையில் ஐந்து கிலோ எடையை ஏந்தியபடி, நின்றுகொண்டு அடிக்க வேண்டும். ஒரு முறை போதாது. 75 நிமிடத்தில் 60 முறை அடிக்க வேண்டும். ஓடுகிற மானைச் சுட்ட ராஜாக்கள் யாருக்கும் இந்தப் பரீட்சை வந்ததில்லை. உனக்கு வந்திருக்கிறது. நெஞ்சை நிமிர்த்து!

பணம் இல்லை என்று உட்காராதே

"இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகுமே, நாம் எங்கே போவது?" என்பது அடுத்த தடை. உண்மைதான். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், ஸ்டெயர் போன்ற போட்டித் தர ரைஃபிள்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. விலை லட்சங்களில்தான். ஆனால் முதல் நாளே அதை வாங்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

ரைஃபிள் கிளப்பில் சேர். கிளப் துப்பாக்கியில் தொடங்கு. கையில் சேரும் முதல் பணத்தைத் துப்பாக்கியில் போடாதே. ஜாக்கெட், கால்சட்டை, ஷூ, கையுறை ஆகியவற்றில் போடு. துப்பாக்கியை இரவல் வாங்கலாம், இன்னொருவரின் உடம்பு அளவை இரவல் வாங்க முடியாது. முதுகையும் இடுப்பையும் தாங்கிப் பிடிப்பது அந்த விறைப்பான ஜாக்கெட்தான். அது உன் அளவுக்குத் தைத்ததாக இருந்தால் கிளப்பின் பழைய துப்பாக்கியும் உன்னிடம் ஒழுங்காகப் பேசும்.

சட்டம் தெரியாமல் பயப்படுகிறவர்களும் உண்டு. தெரிந்துகொள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். ஆனால் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் ரைஃபிள் பத்து ஜூலைக்கூட எட்டாது. அடையாளச் சான்றைக் கொடு, ரசீது வாங்கு, முறைப்படி செய். அதற்காக அதை விளையாட்டுப் பொருளாக நினைத்துவிடாதே. குழல் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், சுடும் நேரம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒழுங்கில்லாத கையில் இருக்கும் துணிச்சல் முரட்டுத்தனம். அதைத் தன்னம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளாதே.

பெட்டியைத் திறந்ததும் பத்து விழாது

ஒரு நாள் உன் சொந்த ரைஃபிள் வரும். பெட்டியைத் திறப்பாய். பளபளப்பைப் பார்த்து மனசு துள்ளும். முதல் குண்டு எங்கேயோ போய் விழும். அப்போது உடைந்துபோகாதே! அந்தத் துப்பாக்கி இன்னும் உன்னுடையது ஆகவில்லை. தொழிற்சாலை அதை யாருடைய தோளுக்கும் செய்து அனுப்பவில்லை. உன்னுடையதாக ஆக்கும் வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

தோளில் பதியும் பட் பிளேட்டை ஏற்றி இறக்கு. தலையைக் குனியாமல், கழுத்தை நீட்டாமல், நேராக நிற்கும்போது துப்பாக்கி உன் கண்ணைத் தேடி வர வேண்டும். கன்னம் பதியும் சீக் பீஸைத் திருகு. கண்ணை மூடிக் கன்னத்தை வை, பிறகு திற. பின்குறியின் சின்னத் துளைக்குள் முன்குறி வளையம் நடுவில் தெரிகிறதா? தெரியாவிட்டால் கழுத்தை வளைத்து ஈடுகட்டாதே, கட்டையை மாற்று. வலக்கைக்காரி என்றால் இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். எடையை எலும்பு சுமக்கட்டும். தசை சுமந்தால் இருபதாவது குண்டிலேயே நடுங்கத் தொடங்கும்.

இப்போது எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை. இலக்கைப் பார்த்து நில். கண்ணை மூடு. இரண்டு மூச்சு விடு. கண்ணைத் திற. குறி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறதா? கையால் இழுத்துச் சரிசெய்யாதே. பாதத்தை நகர்த்து! உடம்பு இயல்பாக எங்கே பார்க்கிறதோ அங்கே இலக்கு இருக்க வேண்டும். கையால் இழுத்து வைத்த குறி விசையை அழுத்தும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். வாழ்க்கையிலும் எத்தனை பேர் நிற்கும் இடத்தை மாற்றாமல் கையை மட்டும் இழுத்துப் பிடித்துக் களைத்துப்போகிறார்கள், பார்த்திருக்கிறாயா? நீ அடியிலிருந்து மாறு. பாதத்திலிருந்து தொடங்கு.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடாதே. ஒரு திருகைத் தொட்டால் அன்று அது மட்டும்தான். எத்தனை கோடு ஏற்றினாய், என்ன ஆயிற்று என்று நோட்டில் எழுது. இன்று ஐந்தைத் திருகினால் நாளை எது உன்னைக் கெடுத்தது, எது காப்பாற்றியது என்று உனக்கே தெரியாது. குண்டு போடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் டிரை ஃபயர் பயிற்சியை வீட்டுச் சுவரின் முன்னால் செய். துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்துவிட்டுச் செய். அதற்குக் கட்டணம் கிடையாது, ரேஞ்சுக்குப் போகப் பஸ்ஸும் வேண்டாம். சாக்குச் சொல்ல வழியே இல்லை.

தரை ஆடினாலும் நின்றவன்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் ஏர் ரைஃபிள் இறுதிப் போட்டிக்குள் அபினவ் பிந்த்ரா மூன்றாம் இடத்தோடு நுழைந்தார். முடிந்தபோது ஏழாம் இடம். அவர் நின்ற இடத்தின் தரை ஓடு ஆடியது என்பது பிறகுதான் தெரிந்தது. வேறு ஒருவராக இருந்தால் அந்த ஓட்டைச் சொல்லியே ஆயுள் முழுக்கப் புலம்பியிருப்பார். பிந்த்ரா என்ன செய்தார்? வீட்டிலேயே ஆடும் ஓட்டின் மேல் நின்று சுட்டுப் பழகினார்!

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். இறுதிச் சுற்றுக்கு முந்தைய முன்னோட்டக் குண்டு நடுப்புள்ளியை விட்டு வெகுவாக விலகி விழுந்தது. துப்பாக்கியின் குறியமைப்பு மாறிக் கிடந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். பதறினாரா? திருகினார், சரிசெய்தார், மறுபடி நின்றார். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் அவரும் சமநிலை. பிந்த்ரா 10.8 அடித்தார். ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார்.

அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டமா? தன் துப்பாக்கியின் ஒவ்வொரு திருகும் அவருக்கு அத்துப்படி. கலைந்தால் மறுபடி அமைக்கத் தெரியும் என்ற தெம்பு அவரிடம் இருந்தது. தன்னம்பிக்கை என்பது அந்தத் தெம்புதான். எதுவும் கலையாது என்று நம்புவது பேதைமை. கலைந்தாலும் என்னால் சரிசெய்ய முடியும் என்று நம்புவதே வீரம்.

வெளியூர்த் தமிழச்சி ஒருத்தி

நம் மண்ணிலிருந்து தள்ளி வளர்கிறோமே என்ற ஏக்கம் உனக்கு இருந்தால் இளவேனில் வாலறிவனைப் பார். கடலூரில் 1999-இல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்தவர். சென்னையில் பிறந்து லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நரங்கின் அகாடமியில் பயின்றவர். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம், அதே ஆண்டு புதியானில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம். ஊரே கொண்டாடியது.

பிறகு டோக்கியோ ஒலிம்பிக் வந்தது. 16-ஆவது இடம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 10-ஆவது இடம். இறுதிக்குப் போவது எட்டுப் பேர்தான். இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்புவது எப்படி வலித்திருக்கும்! அதோடு முடித்துக்கொண்டாரா? 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 253.6 புள்ளிகளோடு தங்கம் வென்றார். தோற்றவர்களின் பட்டியலில் தன் பெயரை எழுதியவர்களுக்கு அவர் சொன்ன பதில் அது.

அவனி லேகராவையும் நினைத்துக்கொள். சிறுமியாக இருந்தபோது கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தே ஏர் ரைஃபிளைத் தூக்கினார். டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம், பாரிஸிலும் தங்கம். இரண்டு கால்களும் உறுதியாகத் தரையில் நிற்கும் உனக்கு என்ன குறை, சொல்!

கேரளத்தில் இதெல்லாம் நடக்குமா என்றும் கேட்காதே. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் துப்பாக்கி சுடும் அரங்கம் எழுந்தது. அங்கே சொந்த மாநிலத்துக்காகத் தங்கம் வென்றவர் ஒரு கேரளப் பெண், எலிசபெத் சூசன் கோஷி.

உப்புக்காற்றையும் வெல்

கொச்சியில் சுடுகிறவளுக்குக் கூடுதலாக ஒரு எதிரி உண்டு, காயல் காற்று. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் இரும்பெல்லாம் துருவைத் தேடும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வியர்வை பட்ட இடத்தைத் துடை, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடு. ஜாக்கெட்டைப் பைக்குள் ஈரத்தோடு அமுக்காதே, நிழலில் விரித்துக் காயவை. துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, சாவியை உன்னிடம் வை. காற்றுச் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படி, காலாவதியானதைத் தொடாதே. பெல்லட் எனப்படும் குண்டு ஈயத்தால் ஆனது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதே.

இவையெல்லாம் சில்லறை வேலைகள் என்று நினைக்கிறாயா? பதக்கம் இந்தச் சில்லறையில்தான் சேர்கிறது. யாரும் பார்க்காத மாலையில் துடைத்து வைத்த துப்பாக்கிதான் எல்லோரும் பார்க்கும் நாளில் உன் மானத்தைக் காக்கும்.

எழுந்திரு, தங்கையே! கிளப்பில் பெயர் கொடுக்க இந்த வாரமே போ. அப்பா தயங்கினால் கூடவே அழைத்துப் போ, ரேஞ்சை அவர் கண்ணால் பார்க்கட்டும். இரவல் துப்பாக்கியை வெட்கப்படாமல் கேள். நோட்டைத் திற, தேதி போடு, முதல் அளவை எழுது. முதல் குண்டு வெளியே போகட்டும், இரண்டாவதும் போகட்டும். ஏன் போனது என்று கண்டுபிடி, ஒரு திருகைத் திருகு, மறுபடி சுடு. மட்டாஞ்சேரியில் பிறந்தவளால் முடியாது என்பவர்களோடு வாதம் செய்து நேரத்தை வீணாக்காதே. உன் வாதம் காகிதத்தில், அரை மில்லிமீட்டர் புள்ளியில் விழட்டும்!