பச்சடியில் வெங்காயம்

துருவிய மாங்காய், பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கோடையில் அடுப்பு மூட்டாமலே பச்சடி தயார். உப்பு நீரை இழுக்க, கால் மணி நேரத்தில் எல்லாம் ஊறிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. நயினார் என்று அழைக்கப்படும் இவர்களில் விரதத்தில் உறுதியானவர்களின் வீடுகளில் இந்தப் பச்சடிக்கு மாங்காய் உண்டு, வெங்காயம் கிடையாது.

மாங்காயைப் பறித்தாலும் மரம் நிற்கிறது. வெங்காயத்தைப் பிடுங்கினால் செடியே போய்விடுகிறது. மண்ணுக்கடியில் விளைவதில் எண்ணற்ற உயிர்கள் குடியிருப்பதாகவும் சமணம் கொள்கிறது. நாவல் மரத்தடியில் பசியோடு நின்ற ஆறு பேர் கதை சமணர்களிடையே வழங்குவது: ஒருவன் மரத்தையே வெட்டச் சொல்வான், மற்றவர்கள் கிளை, கொப்பு, கொத்து, பழம் என்று குறைத்துக்கொண்டே வர, ஆறாமவன் உதிர்ந்த பழமே போதும் என்பான். பசி எல்லோருக்கும் ஒன்றுதான். வேறுபடுவது உள்ளத்தின் நிறம்; அதற்கு ‘லேசியை’ என்று பெயர்.

அப்படியானால் நெல்? கதிர் முற்றியதும் பயிர் தானே காய்கிறது என்பது ஒரு பதில். அதைவிட நேர்மையானது இன்னொன்று: தீங்கே இல்லாத சோறு கிடையாது, தீங்கைக் குறைக்கலாம். அதனால்தான் துறவிக்கு முழுமையான மகாவிரதம், இல்லறத்தாருக்கு அளவான அணுவிரதம் என்று சமணம் இரண்டாக வகுத்தது. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சமணத் துறவி சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இல்லறத்தாரிடம் அந்த அளவு கேட்கப்படுவதில்லை.

நயினார் நண்பர் விருந்துக்கு வந்தால் பச்சடியில் வெங்காயம் சேர்க்காதீர்கள். இருட்டியபின் அவர் உண்ணமாட்டார்; பொழுது சாயுமுன் இலை போட்டுவிடுங்கள்.