சோபாவுக்கு மேல் ஒரு ராத்கோ

அருவ ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியத்தை அக்ரிலிக்கில் கையால் வரைந்து, கேட்ட அளவில் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள். வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நகல் வாங்குவதில் தவறொன்றுமில்லை. அசல் யாருக்கு எட்டும்? அவர் 1961இல் வரைந்த ‘ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள்’ 2012இல் நியூயார்க் ஏலத்தில் ஏறக்குறைய 8.7 கோடி டாலருக்குப் போனது. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு.

ராத்கோவின் இத்தகைய படங்களில் உருவமும் இல்லை, கதையும் இல்லை. அளவையும் வண்ணம் பூசிய விதத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஏதுமில்லை. மேலே சொன்ன படம் ஏறத்தாழ எட்டடி உயரம். ராத்கோ வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, படலத்தின் மேல் படலமாகப் பூசுவார். அடியிலுள்ள நிறம் மேல் நிறத்தினூடே கசியும். ஒன்றரை அடி தூரத்தில் நின்று பாருங்கள் என்பார். அவ்வளவு கிட்டே போனால் கண்ணுக்கு விளிம்பே தெரியாது, நிறம் ஆளைச் சூழ்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட படத்தை இரண்டடிக்குச் சுருக்கி, கெட்டியாக ஒரே பூச்சில் தீட்டினால் நிறங்களின் பெயர்ப்பட்டியல்தான் கிடைக்கும். அக்ரிலிக்கின் மேல் எனக்குக் குறை கிடையாது. ஓவியர் மாரிஸ் லூயிஸ் அக்ரிலிக்கைத்தான் துணியில் ஊற்றி ஊறவிட்டு அற்புதங்கள் செய்தார்.

தன் ஓவியங்கள் வெறும் அழகுப் பொருளாகிவிடுமோ என்ற கவலை ராத்கோவுக்கும் இருந்தது. நியூயார்க்கின் சீக்ரம் கட்டடத்தில் இருந்த ஆடம்பர உணவகத்துக்கு ஓவியங்கள் வரைய 1958இல் ஒப்புக்கொண்டார். வேலை பெருமளவு முடிந்தபின் அங்கே ஒருமுறை சாப்பிடப் போனார். பிறகு ஓவியங்களைத் தர மறுத்து, வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அவற்றில் ஒன்பது இன்று லண்டன் டேட் கூடத்தின் வசம் இருக்கின்றன.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் பெரிய பாடம். 1960களில் அங்கே ஓர் உணவறையில் மாட்டிய அவருடைய ஐந்து ஓவியங்கள் வெயில் பட்டு வெளுத்துப்போயின. அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு வெளிச்சம் தாங்காத நிறமி. வல்லுநர்கள் அந்த ஓவியங்களின் மேல் தூரிகை வைக்கவில்லை. 2014இல் புரொஜெக்டர் ஒளியைத் துல்லியமாகப் பாய்ச்சி, இழந்த நிறத்தைக் கண்ணுக்கு மீட்டுக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் வெளுத்த துணிதான். அந்தப் பூச்சு இன்னொருவர் கையால் வரக்கூடியதல்ல என்ற மரியாதை அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மரியாதை. (நீங்கள் எந்தப் படத்தை மாட்டினாலும் நேர்வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சுவரில் நமக்கு என்ன வேண்டும்? ராத்கோவின் நினைவு போதுமென்றால் அருங்காட்சியகம் விற்கும் அச்சுப்படமே போதும். அது தன்னை அச்சு என்று சொல்லிக்கொள்கிறது. தினமும் அருகில் நின்று பார்க்க நிறம் வேண்டுமென்றால், ஒருவர் தன் கண்ணை நம்பித் தேர்ந்த நிறமாக அது இருக்கட்டும். கையால் வரைந்த நகலுக்குக் கொடுக்கும் பணத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் நடக்கும் ஓவியக் கல்லூரிக் கண்காட்சிக்கு ஒருமுறை போய்வாருங்கள். இளம் ஓவியர் ஒருவரின் சிறிய அருவ ஓவியத்தை, விலை குறைத்துக் கேட்காமல் வாங்குங்கள்.