எவர்க்கும் உரியதன்று எனலும் யாவர்க்கும் உரியது எனலும்

ஒரு பொருள் எவர்க்கும் உரியதன்று என்று கூறுதற்கும், அது யாவர்க்கும் உரியது என்று கூறுதற்கும் இடையே, மேலோட்டமாக நோக்குவார்க்கு வேறுபாடு தோன்றாது. இரண்டிலும் தனியொருவனின் உரிமை மறுக்கப்படுகின்றது. ஆயின் முதற் கூற்று எடுப்பவனுக்கு வாயிலைத் திறந்துவிடுகின்றது. இரண்டாவது கூற்று எடுப்பவனைக் கடன்பட்டவனாக்குகின்றது. இவ்வேறுபாட்டின் விலை யாதென்பதைச் சப்ரகமுவ மலைகள் நன்கறியும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்துவந்த கிராமத்தவர் பலரிடம் காணி உறுதிகள் இருக்கவில்லை. எனவே அக்காணிகள் எவர்க்கும் உரியன அல்ல எனப்பட்டன. பின்னர், பணம் படைத்தோர்க்கு உரியனவாயின. மலைநாட்டிற் பெருந்தோட்டங்கள் எழுவதற்கு வழிவகுத்த நியாயம் இதுவே.

அந்நியாயம் இன்று ஆய்வுகூடத்திலே வேறொரு வடிவில் எதிர்ப்படுகின்றது. நோய்க்கிருமிகளை இனங்காணும் புரதங்கள் மனிதக் கலங்களிலே உள. அவை நிர்ப்பீடன வாங்கிகள் எனப்படும். ஒரு வாங்கிக்குரிய பரம்பரையலகைப் பிரதிசெய்து, வளர்ப்பூடகத்திற் பெருகும் கலங்களினுட் புகுத்தினால், அக்கலங்கள் அப்புரதத்தை ஆக்கித் தரும். தூய்மையாக்கப்பட்ட புரதம் மிகச் சிறிய அளவுகளிற் குப்பிகளில் அடைக்கப்பட்டு, ஆய்வாளர்க்கு விற்கப்படுகின்றது.

இது சப்ரகமுவவுக்குத் தொடர்பற்ற விந்தையன்று. வயலிலும் மாணிக்கக் குழியிலும் சேற்றில் நின்று உழைப்போரைப் பற்றும் எலிக்காய்ச்சல், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்குப் பழகிய நோய். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டனர். இக்கிருமியின் வெளியுறையிலுள்ள கொழுப்புச் சேர்வையைச் சுண்டெலியின் நான்காம் இலக்க டோல் வாங்கி இனங்காணும். மனிதரின் நான்காம் இலக்க வாங்கியோ இனங்காணாது. ஆதலாற் சுண்டெலியிற் கண்டதை அவ்வாறே மனிதருக்கு ஏற்றியுரைத்தல் பொருந்தாது. மனித வாங்கியைக் கொண்டே ஆராய வேண்டியுள்ளது.

அங்ஙனமாயின், குப்பியிலுள்ள அப்பொருள் யாருடையது? அதன் அமைப்பு, சிறுசிறு மாறுபாடுகளுடன், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடலிலும் ஆய்வாளரின் உடலிலும் உள்ளதே. அதனை ஆக்கப் பயன்படும் கலங்களுக்கும் ஒரு பிறப்பு உண்டு. பெரிதும் பயன்படும் கலவரிசையொன்று, 1973இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், கருவிலிருந்த சிசுவொன்றின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கப்பட்டது. அதன் தாயின் பெயரை உலகம் அறியாது. 1951இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஹென்றியெட்டா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்கள் அவருடைய இசைவின்றி எடுக்கப்பட்டன. புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்த அவர் அவ்வாண்டிலேயே இறந்தார்; அவருடைய கலங்கள் இன்றும் பெருகுகின்றன. பெயர் தெரியாமையும் இசைவு கேளாமையும் ஒரு பொருளை எவர்க்கும் உரியதல்லாததாக ஆக்கிவிடுமா?

உழைப்பே உரிமை தரும் என்பது இதற்குக் கூறப்படும் விடை. இயற்கைப் பொருளோடு தன் உழைப்பைக் கலந்தவனுக்கு அது உரியதாகும் என்றார் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். அமெரிக்க உயர் நீதிமன்றமும் 2013இல், இயற்கையிலுள்ள பரம்பரையலகு காப்புரிமைக்கு உரியதன்று என்றும், ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கிய பிரதி அதற்கு உரியதாகலாம் என்றும் தீர்த்தது. இவ்விடையிலே உண்மை உண்டு. புரதத்தைத் தூய்மையாக்குதல் அரிய தொழில். ஊதியமின்றி அது நடைபெறாது.

எனினும் இவ்விடையைத் தோட்டத்து லயத்தின் வாசலில் வைத்துச் சோதித்தல் வேண்டும். உழைப்பே உரிமை தருமாயின், காட்டை அழித்துத் தேயிலையும் இறப்பரும் நட்டவரின் பேரப்பிள்ளைகள் அம்மலைகளுக்கு உடையவராயிருத்தல் வேண்டும். அவருட் பலர்க்குக் குடியிருக்கும் லயத்து அறைதானும் சொந்தமன்று. குப்பிக்கு ஒரு நீதியும் கொழுந்துக்கு வேறொரு நீதியும் கூறுவது அறமாகாது. மேலும், பிறர்க்கும் போதியதும் நல்லதுமான பங்கு எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் லொக் விதித்திருந்தார். எடுப்போர் அதனை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஆகவே ஆக்கியோன் தன் உழைப்புக்குரிய விலையைப் பெறுக. மூலத்துக்கு உடையவனாதல் ஒல்லாது. மனிதப் பரம்பரைத் தொகுதி, குறியீட்டுப் பொருளில், மனிதகுலத்தின் மரபுச்செல்வம் என யுனெஸ்கோ 1997இல் வெளியிட்ட பிரகடனம் கூறுகின்றது. அது வெறும் அலங்காரச் சொல்லாகாதிருக்க வேண்டுமாயின், அதிலிருந்து இரு கடமைகள் பிறத்தல் வேண்டும். ஆய்வுக்கு இரத்தம் பெறுவோர், தோட்டத் தொழிலாளியிடம் அவருடைய மொழியிலேயே நோக்கத்தை விளக்கி, மறுக்கும் உரிமையையும் கூறி இசைவு பெறல் வேண்டும். அவ்வாய்விலிருந்து விளையும் சோதனை முறையும் மருந்தும் தோட்ட மருந்தகம் வரை வந்துசேர்தல் வேண்டும். இவ்விரண்டும் தருமமாக வழங்கப்படுவன அல்ல. யாவர்க்கும் உரியதிலிருந்து எடுத்தவர் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்.