பொய்த்த எச்சரிக்கையும் கேட்போன் கடனும்

'புலி வருகிறது' என்று பொய்க்குரல் எழுப்பிய இடைச்சிறுவனின் கதையிற் பழி முழுவதும் சிறுவன்மீதே சுமத்தப்படுகின்றது. இறுதிக் குரலைக் கேட்டும் வாளாவிருந்த ஊரவர் அறத்தில் வழுவியவரா என்று அக்கதை வினவுவதில்லை. பலமுறை பொய்த்த எச்சரிக்கை மீண்டும் ஒலிக்கும்போது அதற்குச் செவிசாய்க்கும் கடமை கேட்போனுக்கு உண்டா? விமானியின் அறையில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது.

1974 டிசம்பர் 4ஆம் நாள் கொழும்பு நோக்கி வந்த ஒல்லாந்து விமானமொன்று மலையகத்தின் சப்தகன்னி மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். தாம் பறந்துகொண்டிருந்த இடத்தைப் பற்றி விமானிகள் கொண்ட தவறான கணிப்பே அதற்குக் காரணமாயிற்று. இத்தகைய விபத்துக்களைத் தவிர்க்கவே, நிலம் நெருங்குவதை ஒலியால் உணர்த்தும் கருவி அக்காலத்திற் பரவலாயிற்று. தொடக்ககாலக் கருவி விமானத்துக்கு நேர்கீழேயுள்ள நிலத்தின் தூரத்தை மட்டுமே அளந்தது. ஆதலால், தீங்கற்ற மேட்டுநிலத்தின்மேற் பறக்கும்போதும் அது கூவியது. பொய்க்கூவல் மிக மிக விமானிகளின் நம்பிக்கை தேய்ந்தது. விமானத்தின் இருப்பிடத்தை நிலப்படத்தோடு ஒப்புநோக்கும் திருந்திய கருவி 1990களில் வந்தது. அது பொய்யைக் குறைத்ததேயன்றி அறவே ஒழிக்கவில்லை.

2010 மே 22ஆம் நாள் துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் மிகையான உயரத்திலிருந்து விரைந்து இறங்கியது. மேலெழுமாறு கருவி பலமுறை எச்சரித்தது. துணை விமானியும் இறங்குதலைக் கைவிடுமாறு மும்முறை கூறினார். தலைமை விமானி இறங்குதலைத் தொடர்ந்தார். 158 பேர் மாண்டனர், எண்மரே பிழைத்தனர். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசன் கெடுப்பாரின்றியும் கெடுவான் என்னும் குறட்கருத்து இங்கே நினைவுக்கு வருதல் இயல்பு.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1978 சனவரி முதல்நாளிரவு பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில், தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வுகாட்டி பழுதுற்று, விமானம் வலப்புறம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அதனை நம்பி அவர் இடப்புறம் திருப்ப, விமானம் கவிழ்ந்து கடலில் வீழ்ந்தது. மாண்டோர் 213 பேர்.

ஓரிடத்திற் கருவிக்குச் செவிசாயாமை கொன்றது; மற்றோரிடத்திற் கருவியை நம்பியமை கொன்றது. எனின், அறிவுடையோன் கொள்ளத்தக்க நெறி யாது?

சைவசித்தாந்த அளவையியல் காண்டல், கருதல், உரை என்பவற்றை அறிவின் வாயில்களாகக் கொள்ளும். ஐயமும் திரிபும் காட்சியிலேயே நேரக்கூடும் என்பதையும் அது மறக்கவில்லை. எச்சரிக்கை ஒருவகை உரையே. எனினும் பொய்க்கக்கூடிய உரை. அதனை உண்மையென நம்புமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. நம்புதல் வேறு, செவிசாய்த்தல் வேறு என்னும் வேறுபாடே ஈண்டு வழிகாட்டுவது. இரவிலும் முகிலினுள்ளும் 'மேலெழுக' என்னும் ஒலி கேட்டால் உடனே விமானத்தை உயர்த்துக, ஆராய்ச்சி பின்னர் ஆகுக என்பது விமானிகளுக்குரிய விதி. ஒலி பொய்யாயின் இழப்பது சிறிது எரிபொருளும் சில நிமிடங்களுமே. ஒலி மெய்யாயின், தயங்கியவன் இழப்பது தன்னுயிரை மாத்திரமன்று. அவனுடைய ஐயத்திற் பங்குகொள்ளாத பிறர் உயிர்களையும் ஆம். பம்பாய்ச் சாய்வுகாட்டியோ இத்தகையதன்று. அதன் சொற்படி நடத்தலே கேடாக முடியக்கூடியது. அங்கே பிற கருவிகளைச் சான்றாக நாடுதலே கடன். ஆகவே, எத்தவறு திருத்தத்தக்கது, எத்தவறு திருத்தவொண்ணாதது என்பதே முதற்கண் வினவற்பாலது.

இதனால் எச்சரிப்போன் பொறுப்பு நீங்கிவிடாது. பின்னர்த் தன்மீது பழி வாராதிருக்க எதற்கும் கூவிவைப்பவன், தன் அச்சத்தின் விலையைக் கேட்போனின் நம்பிக்கையிலிருந்து செலுத்துகின்றான். அந்நம்பிக்கை வற்றிய நாளில் மெய்யான கூவலும் வீணாகும்.

இவ்வினா விமானிக்கு மாத்திரம் உரியதன்று. வேலணைத் தீவின் சரவணை போன்ற ஊர்கள் கடல்மட்டத்திலிருந்து மிகச் சிறிதே உயர்ந்தவை. 2004 டிசம்பர் 26இல் எச்சரிக்கை எதுவுமின்றி ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்க, கரையோர மக்கள் அகலுமாறு பணிக்கப்பட்டனர். கடலடித் தட்டு மேலெழாது பக்கவாட்டில் நழுவியமையாற் பேரலை எழவில்லை. அன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு அகன்றோர் ஏமாந்தவரல்லர். அவர்கள் இழந்தது ஒரு பிற்பகலே. அடுத்த எச்சரிக்கை ஒலிக்கையில், 'முன்னரும் இப்படித்தான் சொன்னார்கள்' என்று சரவணையில் ஒரு குடும்பத்தலைவர் திண்ணையிலேயே இருந்துவிடலாம். அவ்வேளை அவரும் விமானியின் இருக்கையிலேயே அமர்ந்திருக்கின்றார்; உள்ளே உறங்கும் குழந்தைகள் அவருடைய முடிவுக்கு உடன்பட்டவர்கள் அல்லர்.