முதற்பிழையும் முதல் தண்டனையும்

கள்ளாமை என்னும் அணுவிரதத்தைப் பிறர் பொருளை எடுக்காதிருத்தல் என்ற அளவிலேயே நம்மில் பலர் உணர்ந்துள்ளோம். உமாசுவாமி ஆசாரியரோ, தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அவ்விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுமிடத்து, கள்வனைத் தூண்டுதலை முதலாவதாகவும், கள்வன் கொணர்ந்த பொருளைக் கொள்ளுதலை இரண்டாவதாகவும் வைத்தார். கள்ள அளவையும் போலிச் சரக்கும் அவற்றிற்குப் பின்னரே வருகின்றன. வாங்குவோர் இன்றேல் களவுக்குச் சந்தை இல்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அங்ஙனமாயின், திருட்டுப் பொருளை வாங்கியவன் முதன்முறையாக அகப்படும்போது அவனைச் சிறைக்கு அனுப்புவதா, நன்னடத்தைப் பிணையில் விடுவதா? கருணையே ஜினதருமம் என்று விடையளித்தல் எளிது. பொருளை இழந்தவர் அவ்விடையை ஏற்பாரா என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் காண்போம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ பெற்றுக்கொள்பவனுக்கு மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவும் அவ்வாறே விதிக்கின்றது. மறுபுறம், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், இத்தகையவனைச் சிறைக்கு அனுப்பாமல், மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்திற்குப் பிணைமுறி எழுதி வாங்கி விடுவிக்க நீதிபதிக்கு இடமளிக்கின்றது. நம் சென்னை மாகாணம் 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக இவ்வழியில் முன்னரே அடியெடுத்து வைத்தது.

புதிய சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. ரூ.5,000-க்கும் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடி, முதன்முறையாகத் தண்டனை பெறுபவன் அப்பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், அவனுக்குச் சமுதாய சேவையே தண்டனை. திருடியவனுக்கு எழுதப்பட்ட இச்சலுகை, அதே பொருளை வாங்கியவனுக்கு எழுதப்படவில்லை. அவன் நீதிபதியின் உள்ளத்தையே நம்பி நிற்கின்றான்.

நீதிபதி எதனை நோக்குதல் வேண்டும்? நம் ஆசாரியர்கள் பிழையை நான்கு படிகளாகப் பகுத்தனர். மனத்தூய்மை கெடுதல் அதிக்கிரமம். ஒழுக்கத்தின் வேலியைத் தாண்டுதல் வியதிக்கிரமம். விலக்கியதில் ஈடுபடுதல் அதிசாரம். அதிலேயே தோய்ந்து வாழ்தல் அநாசாரம். முதல் மூன்றும் கழுவத்தக்க கறைகள். நான்காவதோ விரதத்தின் அழிவு. சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். திருட்டுப் பொருள் வாங்குவதையே வழக்கமாகக் கொண்டவனுக்குப் பழைய சட்டத்தின் 413-ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை விதித்தது. புதிய சட்டமும் அதனைக் கைவிடவில்லை.

இடர்ப்பாடு எங்கே எனில், சட்டத்தின் ஏடு எண்ணுவது முதல் தண்டனையை. அறம் எண்ணுவதோ முதற்பிழையை. இவ்விரண்டும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை.

நம் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் ஆலயத்திலிருந்து களவுபோன அர்த்தநாரீசுவரர் கற்சிலையை, நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூரிடமிருந்து 2004-இல் சிட்னி நகரக் கலைக்கூடம் ஒன்று வாங்கியது. 2014 செப்டம்பரில் அச்சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. உடையார்பாளையம் கோயில் சிலைகள் தொடர்பான வேறொரு வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. அதே நியூயார்க்கில் அதே வாணிகம் செய்த நான்சி வீனர் என்னும் அம்மையார் 2016-இல் கைதாகி, திருட்டுப் பொருளை வைத்திருந்ததாக 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொருள் எவ்வழி வந்ததெனத் தெளிவின்றி வாங்கி விற்பது பல பத்தாண்டுகளாகத் தம் வாணிகத்தில் வழக்கமாயிருந்தது என்று அவரே மன்றத்தில் கூறினார். அவர் சிறைக்கு அனுப்பப்படவில்லை, நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். உண்மையைச் சொன்னமைக்கு மதிப்பளித்தல் நன்றே. எனினும் பல பத்தாண்டுப் பழக்கத்தை முதற்பிழை என்று எவரும் கூறார்.

இனி, இருபது வயது இளைஞன் ஒருவனை எண்ணுங்கள். பேருந்து நிலையத்தில் ஒருவன் பாதி விலைக்கு நீட்டிய கைப்பேசியை, ரசீது எங்கே என்று கேளாமல் வாங்குகின்றான். கேட்டால் கிடைக்கும் விடை அவனுக்கு உள்ளூரத் தெரியும்; ஆதலால் கேட்கவில்லை. இஃது அதிசாரமே. இருபத்தொரு வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்புமுன், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெறுமாறும், அனுப்புவதாயின் காரணத்தை எழுதிவைக்குமாறும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியைப் பணிக்கின்றது. வழக்கமாகக் குற்றம் செய்வோர் நடுவே அவனை அடைத்தால், ஒரு கறையை நாமே பழக்கமாக்கியவர் ஆவோம்.

அவ்வறிக்கையே இங்கு உயிர்நாடி. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் சொல்லும் கையிலிருந்த சிலம்புமே கோவலனுக்கு எதிரான சான்றாயின. எவரும் அவனை முறைப்படி விசாரிக்கவில்லை. ஆராயாது தண்டித்தது பாண்டியன் செய்த கொடுமை. ஆராயாது மன்னிப்பதும் அதே குறையின் மறுபக்கமாகும். வகுப்பில் ஒரு பிள்ளை எடுத்த பேனாவை மற்றொரு பிள்ளை வாங்கிவைத்திருந்தால், நல்லாசிரியர் பிரம்பை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்பார்: உனக்குத் தெரியுமா? இதற்குமுன் வாங்கினாயா? உரியவளிடம் கொடுத்துவிட்டாயா?

பிராயச்சித்தம் என நம் நூல்கள் கூறுவதும் இம்முறையே. துறவியர்க்கு விதித்த ஒன்பதனுள் ஆலோசனை முதலில் நிற்கின்றது. குருவின்முன் மறையாது உரைத்தல் அது. விவேகமும் அவ்வொன்பதனுள் ஒன்று. தகாத பொருளைத் தன்னிடமிருந்து நீக்குதல் அது. உண்மையை உரைத்து, பொருளை மீட்டுக் கொடுத்தவனிடம் காட்டும் இரக்கம், இழந்தவரையும் மறவாத இரக்கமாகும். நன்னடத்தையில் விடும்போதே இழப்பீடு தருமாறு ஆணையிடச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இடமளிப்பதும் இதன்பொருட்டே.

அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இவ்வாறு விடுவிக்கப்பட்டவனுக்குத் தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பையும் நீக்குகின்றது. நீதிமன்றம் நீக்கியதை ஊரார் நீக்குகின்றோமா? அவனைக் கடையில் சேர்ப்பவரும், அவன் தங்கையைப் பெண்கேட்டு வருபவரும் நம்மிடையே எத்தனை பேர்? எல்லாக் கதவும் அடைபட்டால், கள்வன் கடையே அவனுக்குத் திறந்திருக்கும். சிராவகர்களே, மலிவாக வரும் பொருளை எங்கிருந்து வந்ததெனக் கேட்காமல் வாங்காதீர்கள். கேளாது வாங்கித் தடுமாறி, திருந்தி வந்த பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள்.