நீர் கூறும் சாட்சி

நோயாளியின் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் வகையைக் கண்டு நோயைக் கணித்தனர் நம் சித்த மருத்துவர். நெய்க்குறி என்பது அம்முறையின் பெயர். இன்றைய ஆய்வுக்கூடமோ உடலுள் புகுந்த வேதிப்பொருள்களின் சுவட்டையே அச்சிறுநீரில் அளந்து காட்டுகின்றது. அளவு கிடைத்தபின் அறக்கேள்வி ஒன்று எழுகின்றது: அந்நஞ்சு உடலுள் புகுந்தமைக்குப் பொறுப்பு யாருடையது?

புகைப்பவரின் சிறுநீரில் கோடினின் தோன்றும். நிகோடினை உடல் மாற்றுவதால் பிறக்கும் இப்பொருள் சில நாள்களில் மறையும். ஆயினும் நாள்தோறும் புகைப்பவரிடம் நாள்தோறும் புதிதாகத் தோன்றும். காட்மியம் என்னும் உலோகமோ சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்கிச் சிறிது சிறிதாக வெளிப்படும். புகையிலைச் செடி மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்து வைப்பதால், புகைப்போரிடம் அது மிகும். எனினும் உணவிலும் பாஸ்பேட்டு உரத்திலும் அஃது உண்டு. வயது ஏற ஏற அதன் அளவு கூடும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்ணின் குடல் அதனை மிகுதியாக ஈர்த்துக்கொள்ளும். ஆகவே, எண்ணை மட்டும் கண்டு காரணத்தை முடிவு செய்தல் இயலாது.

பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கிற்று. காலப்போக்கில் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு வழிவிட்டன. களைக்கொல்லித் தோம்பைத் தோளில் சுமந்தோருள் நம் பெண்கள் பலர். அவ்வேலையை 'மருந்தடித்தல்' என்றே சொல்லிப் பழகினோம். நஞ்சை மருந்தென்று அழைத்தபோதே நம் விழிப்பிற் பாதி உறங்கிவிட்டது. பாராகுவாட்டு என்னும் களைக்கொல்லியை அரசு 2002இல் தடை செய்தது. 2006இல் அத்தடையைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் முழுமையாகத் தடுத்தது. உடலிற் புகுந்த பாராகுவாட்டின் சுவடும் சிறுநீரில் தென்படும். ஆனால் அதன் பெரும்பகுதி ஓரிரு நாள்களில் வெளியேறிவிடும். சோதனை தாமதித்தால் சாட்சி மங்கிவிடும்.

ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கணவனையும் மனைவியையும் எண்ணிப் பார்ப்போம். அவன் உரம் தூவுபவன், புகைப்பவன். அவள் மருந்தடித்தவள், புகையிலையைத் தொடாதவள். அவன் நோயுற்றால், "புகைத்தான், அனுபவிக்கிறான்" என ஊர் தீர்ப்புரைக்கும்; அவனது தொழிலைக் குறித்து எவரும் வினவார். அவள் நோயுற்றாலோ, தோட்டத்து நஞ்சின் தடயம் அதற்குள் அழிந்திருக்கும். தொழிலாளியின் குற்றத்தைக் காக்கும் உடல், முதலாளியின் பொறுப்பைக் காட்டும் தடயத்தைக் கைவிடுகின்றது!

இதனால் புகைப்பவன் குற்றமற்றவன் ஆகிவிடான். லயத்தின் சிறிய அறையில் அவன் விட்ட புகை, அவன் பிள்ளையின் சிறுநீரிலும் கோடினினாக வந்து நிற்கும். அப்பிள்ளைக்குத் தெரிவே இல்லை. வயிற்றுப்பாட்டிற்காகத் தோம்பைச் சுமந்த தாய்க்கும் பெரிதாகத் தெரிவு இருந்ததில்லை. தந்தைக்குச் சிறிது உண்டு. எந்த நஞ்சை, எத்தகைய பாதுகாப்புடன் தெளிப்பது என்று முடிவு செய்தவருக்கோ மிகுதியாக உண்டு. தெரிவின் அளவே பொறுப்பின் அளவு என்பதே அறமாகும்.

நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. வயது, பால், தொழில், பழக்கம், சோதித்த காலம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே எண்ணுக்குப் பொருள் காணும் ஆய்வாளன் அந்நெறியிலேயே நடக்கிறான். தீர்ப்புரைக்க விரையும் நாமும் முதலில் கேட்கக் கற்போமாக.