பல்லவி யாருடையது?

  

புனித செசிலியாள் திருநாளுக்குப் பாடகர் குழுவுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. நான் ஒரு சாமியாரைப் பத்தித்தான் சொல்லப் போறேன். ஜோசப் ஜெலினோ. பிரான்சு நாட்டுக்காரர், இயேசு சபைக் குரு. 1920-ல பிறந்தவர்.

அந்தக் காலத்துப் பூசை எப்படி? நரைச்ச தலைகளுக்குத் தெரியும். பீடத்துல லத்தீன், மேல பாட்டு மாடத்துல லத்தீன், கீழ சனங்க கையில செபமாலை. பிரான்சுலயும் அப்படித்தான். இந்த மனுஷன் சங்கீதம் படிச்சவர், இறையியல்ல முனைவர். பெரிய பெரிய இசையா எழுதிக் குவிச்சிருக்கலாம். இவர் திருப்பாடலைக் கையில எடுத்தார். எருசலேம் பைபிளுக்காகத் திருப்பாடல்களைப் பிரெஞ்சுல பெயர்த்தவங்கள்ல இவரும் ஒருத்தர்.

எபிரேயத் திருப்பாடல்ல அசையை எண்ண மாட்டாங்க, அழுத்தத்தைத்தான் எண்ணுவாங்க. மடியில கையால தட்டுங்க. தட்டுங்கம்மா, வெக்கப்படாதீங்க! தட்டு சீரா விழணும். ரெண்டு தட்டுக்கு நடுவுல ஒரு அசையும் வரலாம், மூணும் வரலாம். நம்ம தாலாட்டுல தூளியோட ஆட்டம் மாறாது, சொல்லு மட்டும் கூடும், குறையும், இல்லையா? அந்தத் துடிப்பை அவர் பிரெஞ்சுக்குக் கொண்டு வந்தார். அடிகளை ஒருத்தர் பாட, நடுநடுவே சின்னதா ஒரு பல்லவி. அந்தப் பல்லவி யாருக்கு? சனங்களுக்கு!

முதல் தொகுப்பு 1953-ல வந்துச்சு. சனங்க பாஷைக்கு வழிவிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது 1963 டிசம்பர் 4. பத்து வருசம் முன்னாடியே, சனங்க தங்க பாஷையில பாடுறதுக்கு ஒருத்தர் பாட்டைத் தயார் பண்ணி வச்சிருந்தார்! இருபத்து மூணாம் திருப்பாடலுக்கு அவர் போட்ட மெட்டு எத்தனை நாட்டுல, எத்தனை அடக்கப் பூசையில ஒலிச்சிருக்கு. இருண்ட பள்ளத்தாக்குல நடக்கிறவனுக்குக் கஷ்டமான ராகம் உதவுமா? வாயில நிக்கிற ஒரு வரி வேணும்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். கோவிச்சுக்காதீங்க. பதிலுரைப் பாடல்னு வச்சிருக்கோம். பதில் சொல்ல வேண்டியது யாரு? குழுவே கேட்டு, குழுவே பதிலும் சொல்லிக்குது! வாராவாரம் புது மெட்டு. சனங்க கத்துக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சு போகுது. கீபோர்டுத் தம்பி, உன் கைத்திறமை கடவுள் கொடுத்தது. அதைச் சனங்க குரலைத் தாங்கறதுக்குக் கொடு, மூடறதுக்குக் கொடுக்காதே. பவுலும் சீலாவும் சிறையில நள்ளிரவுல எந்த மைக்கைப் புடிச்சுப் பாடினாங்க? கட்டுண்டவங்க கேட்டுக்கிட்டிருந்தாங்களே! ஒலிவ மலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால ஆண்டவர் பாடினார். தனியாவா பாடினார்? சீடர்களோட சேர்ந்து பாடினார். பேதுருவுக்குச் சுருதி சேர்ந்துச்சான்னு சுவிசேஷத்துல எழுதலை! பல்லவி யாருடையது? சொல்லுங்க. சனங்களுடையது!

ஜெலினோ சாமியை எடுத்துக்குங்க. பேராசிரியர், உலகமெல்லாம் பேரு. அப்புறமும் பாரிஸுக்குத் தெற்கே சின்னச் சின்னக் கிராமங்கள்ல பங்குச் சாமியாரா இருந்தார். 2008-ல ஆண்டவர்கிட்ட போனார். கிராமத்துக் கோயில்ல சுருதி சேராத கிழவிங்க பாடியிருப்பாங்க இல்லையா? அவங்களுக்காகத்தானய்யா அவர் எழுதினார்!

சரி, வர்ற ஞாயிறு பதிலுரைப் பாடலை இப்பவே பழகுவோம். குழு முதல்ல ஒரே ஒரு தடவை பாடும். அப்புறம் நீங்க, எல்லாரும். தம்பி, சுருதியைக் கொஞ்சம் இறக்கிக் கொடு, பாட்டிமாருக்கு எட்டணும். எழுந்து நில்லுங்க.